மணப்பெண் கையில் போன்

கல்யாணப் பெண் மேடையில் நின்றுகொண்டு போன் பார்க்கலாமா? கரோலின் பார்த்தாள். அதுவும் பூச்செண்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு.

ராயபுரம் சர்ச் ஹாலில் பாண்டு வாத்தியம் பிளந்து கட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பூவம்மா ஆரம்பித்தாள்.

"இன்னா பொண்ணும்மா இது! மாப்ள பக்கத்துல நிக்கிறான், இது போனைப் பாத்துகினு கீது!"

மாப்பிள்ளை சாவியோ மெல்லக் குனிந்தான். "இன்னும் இல்லியா?"

"இல்லப்பா. வசீம் இப்பதான் மருந்து விட்டிருக்கான்."

லேபிலிருந்து அவளுடன் வேலை செய்யும் வசீம் வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தது ஒரு குழாயை. தசை செல்களை வளர்த்து அவள் செய்த செயற்கை ரத்தக்குழாய். அந்த செல்களுக்குப் பெருகத்தான் தெரியும். சுருங்கி விரிகிற வேலை என்றால் உடம்பு வணங்காது. பம்ப் வைத்து இழுத்து இழுத்து, மூன்று வருஷமாகப் பழக்கியிருந்தாள். மருந்து பட்டும் இன்று அது சுருங்கவில்லை என்றால், மறுபடி முதலிலிருந்து.

சட்டென்று ஒரு கை போனைப் பிடுங்கியது. மாமியார் ஆலிஸ்!

"மேடையில இன்னா போனு? வர்றவங்களைப் பாத்து சிரி!"

"அத்தை, அது வந்து..."

"மூச்!"

பூவம்மாவுக்குப் பரம சந்தோஷம். "அப்படிப் போடு ஆலிஸு!"

கரோலினுக்கு அழுகையே வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று இந்தக் குழாயைப் பற்றி ஆசை ஆசையாய் விளக்கியபோது, "காபி ஆறுது, குடி" என்று முடித்துக்கொண்ட மகராசி ஆயிற்றே! இவருக்கு என்ன புரியப் போகிறது?

கேக் வெட்டினாள். போட்டோவுக்குச் சிரித்தாள். எல்லாம் கடனே என்று.

திடீரென்று பந்திப் பக்கமிருந்து ஒரு கூச்சல். கையில் போனும் காலில் ஒற்றைச் செருப்புமாக ஆலிஸ் மேடைக்கு ஓடிவந்தாள். பாண்டுகூட நின்றுவிட்டது.

"சுருங்கிச்சு கரோலி! நம்ம கொழா சுருங்கிச்சு! இங்க பாரேன்!"

பார்த்தாள். கட்டியிருந்த கல்யாணப் பட்டுப்புடவையையும் மறந்து மாமியாரைக் கட்டிக்கொண்டு குதித்தாள். சாவியோ விசிலடித்தான். என்ன ஏது என்று தெரியாமலே பாண்டுக்காரர்கள் குத்துப்பாட்டை எடுத்துவிட்டார்கள்.

"அத்தை... இவ்ளோ நேரம் நீங்க இதையா பாத்துட்டு இருந்தீங்க?"

"பின்ன? பிரியாணியைக் கூட தொடல." ஆலிஸ் மூச்சு வாங்கிக்கொண்டே அவள் காதோடு சொன்னாள்:

"நீ பாத்தா ஊரே பேசும்டி. நான் பாத்தா, கெயவி சீரியல் பாக்குதுன்னு வுட்டுருவாங்க!"