ஆறாவது பட்டன்

மாலை ஆபீஸிலிருந்து கிளம்புமுன் மேசைத் தொலைபேசியின் ஆறாவது பட்டனை அழுத்துவாள் கோமதி. சிவப்பு விளக்கு எரிந்தால், அப்புறம் வரும் அழைப்பெல்லாம் அவளுடைய கிட்வாய் நகர் வீட்டுக்குப் போய்விடும். பத்தொன்பது வருஷப் பழக்கம். நேற்று அலுப்பில் மறந்துவிட்டாள். வீட்டில் ஃபோன் அடிக்கவேயில்லை, நிம்மதியாகத் தூங்கினாள்.

காலையில் டைரக்டர் வைத்தியநாதன் கூப்பிட்டார்.

"நேத்து ராத்திரி எட்டு மணிக்கு ஃபோன் பண்ணினா ஒரே ரிங்ல எடுத்தேளே! பீரோவைத் திறந்து, ஃபைலைப் பார்த்து நம்பர் சொன்னேள். அவ்வளவு நேரமா சீட்லயே இருக்கறது? இன்னிக்காவது ஜல்தி கிளம்புங்கோம்மா."

பீரோ சாவி இரவெல்லாம் அவள் கைப்பையில்தான் இருந்தது. மறுத்துப் பேசத் தெம்பில்லை. "சரி சார்" என்றாள்.

அன்று மாலை பட்டனைத் தொடவில்லை. இங்கே இருக்கப்போகிறவளுக்குக் குளிருமே என்று, தன் சால்வையை நாற்காலியின் முதுகில் போட்டுவிட்டு, பஸ் பிடிக்க நடந்தாள்.