குளவி கொடுத்த பதக்கம்

படையின் சமையல் பாத்திரங்களைச் சுமந்துபோன கோவேறு கழுதையைக் குளவி ஒன்று கொட்டிவிட்டது. வலி தாங்காமல் கழுதை கண்மண் தெரியாமல் எதிரி முகாமுக்குள்ளேயே பாய்ந்தது. அண்டாவும் குண்டாவும் மோதிய சத்தத்தில், பெரும்படை வந்துவிட்டதென்று எதிரிகள் ஓட்டம் பிடித்தார்கள். ராஜா வீரப் பதக்கத்தைக் கழுதையின் கழுத்தில் மாட்டினார். குளவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, கழுதையும் சொல்லவில்லை.

அதுவரை "டேய்" என்று கூப்பிட்ட தளபதியின் குதிரை, அன்றிலிருந்து "அண்ணே" என்றது. கழுதைக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அடுத்த போரில் முதல் வேட்டுச் சத்தம் கேட்டதுமே கழுதை களத்துக்கு முதுகைக் காட்டி நைசாக நழுவப் பார்த்தது. பாழாய்ப்போன பதக்கம் கடிவாளத்தில் மோதிக் கிணுகிணுத்தது.

"அண்ணன் கிளம்பிட்டாரு, வாங்கடா!" என்று குதிரை கத்தியது.

கழுதை தலைதெறிக்க ஓடியது. மொத்தப் படையும் பின்னாலேயே ஓடிவந்தது.

மூன்று மலை தாண்டியதும், மூச்சு வாங்கிக்கொண்டே குதிரை கேட்டது: "அண்ணே, எதிரி இன்னும் எவ்வளவு தூரம்?"

கழுதை பதக்கம் தெரியும்படி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

"பக்கத்துலதான் தம்பி. சத்தம் போடாம வா."