பேர் போடாத போர்டு

"உன் கதையை முடிச்சிட்டாங்கடா இர்ஃபான்!" என்று போனில் அலறினாள் வகுப்புத் தோழி சோயா. "ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்கு ஓடி வா. வந்து உன் மூஞ்சியை நீயே பாரு."

போய்ப் பார்த்தான். டீக்கடைக் கூரைக்கு மேலே, பிளெக்ஸ் போர்டில் ஆளைவிடப் பெரிதாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான் இர்ஃபான். பக்கத்தில் சிவப்பு எழுத்து: 'நாளைய தலைவர் இர்ஃபானுக்கே உங்கள் ஓட்டு!'

சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் வில்லங்கம். அவனுடைய பல்கலைக்கழகத்தில் மாணவர் பேரவைத் தேர்தலுக்குக் கறாரான விதி ஒன்று உண்டு. சார்ட் பேப்பரில் கையால் எழுதி ஒட்டலாம். அச்சடித்த போர்டு ஒன்று முளைத்தாலும் அந்த வேட்பாளர் அவுட்.

நாளைக்கு ஓட்டுப்பதிவு. தாம்பரத்துக்குப் போகிற சாயங்கால காலேஜ் பஸ்ஸை நிர்வாகம் நிறுத்தியதும், ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போன சக மாணவி ஸ்ம்ருதி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து கிடக்கிறாள். நிர்வாகக் கூட்டத்தில் மாணவர்களுக்கு இருப்பது ஒரே நாற்காலி, அது பேரவைத் தலைவருடையது. அதில் உட்கார்ந்து பஸ்ஸைத் திரும்பக் கொண்டுவருகிறேன் என்று ஆஸ்பத்திரியில் அவள் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"எல்லாம் அச்சுதன் வேலை," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. எதிர்த்து நிற்கிற அச்சுதன் நேற்று கேன்டீனில் தோளில் கை போட்டு, "எலெக்‌ஷனுக்குள்ள எது வேணா நடக்கும் மச்சான், பாத்து இரு" என்றிருந்தான். அதன் அர்த்தம் இப்போதுதான் புரிந்தது.

"கீழ பாரேன், வாழ்த்தறவங்க பேரே இல்ல," என்றாள் சோயா.

காதுகுத்துக்குப் போர்டு வைத்தால்கூட மாமன் மச்சான் அத்தனை பேர் முகத்தையும் அடுக்குகிற ஊர் இது. பேர் போடாமல் ஒருத்தன் வைக்கிறான் என்றால், நல்ல எண்ணத்திலா வைப்பான்?

"அதுகூடப் போகட்டும். அந்த போட்டோ எங்க அக்கா நிக்காஹ்ல எடுத்ததுடி. நான் இன்ஸ்டால போடவே இல்ல. வெளிய யார்கிட்டயும் கிடையாது." அவன் போனை எடுத்துப் புரட்டினான். "எவனோ என் போனுக்குள்ள பூந்திருக்கான்."

கையிலிருந்த போன் அடித்தது. அத்தா. பல்லாவரத்தில் செருப்புக் கடை வைத்திருக்கும் அவன் தகப்பனார் அமீருதீன் காலையிலிருந்தே விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தேர்தலில் நிற்கிறேன் என்று சொன்ன அன்றைக்கு, "முதல்ல படிப்பைப் பாரு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவர். இப்போது அவரிடம் பேச அவனுக்குத் தெம்பில்லை. கட் பண்ணினான்.

தேர்தல் அதிகாரி பேராசிரியர் சத்யநாராயணனுக்கு விஷயம் முன்னாலேயே எட்டிவிட்டது.

"கேம்ப் ரோட்லயும் ஒண்ணு இருக்காம்ப்பா," என்றார் வருத்தமாக. "நீயோ உன்னைச் சேர்ந்தவங்களோ வெச்சிருந்தா உன் பேரை எடுத்துடுவேன். வேற எவனோ வெச்சான்னு போலீஸ் சொல்லிட்டா, தாராளமா நில்லு."

"அப்போ போலீஸுக்கே போறேன் சார்."

"அவசரப்படாத. ரோட்ல பர்மிஷன் இல்லாம போர்டு வெச்சா கிரிமினல் கேஸ். கம்ப்ளைன்ட் கொடுத்துட்டா அப்புறம் என் கையிலயும் இல்ல, உன் கையிலயும் இல்ல. அச்சுதனும் ஒரு வீட்டுப் பிள்ளைதான்."

"கேஸ் ஆகட்டும் சார். உள்ள போய்க் களி தின்னட்டும்!"

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு கூடவே வந்தார்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. புகாரை வாங்கிக்கொண்டு, போர்டின் மூலையில் இருந்த பிளெக்ஸ் கடை நம்பரைத் தேடிப் பிடித்து, கடைக்காரரிடம் விசாரித்து ஏட்டை அனுப்பிவைத்தார். இந்த மாதிரி வேலைக்குப் போலீஸ் இவ்வளவு சுறுசுறுப்பாக இருக்கும் என்று இர்ஃபான் எதிர்பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் ஏட்டு குப்புராஜிடமிருந்து போன் வந்தது. எஸ்.ஐ. அதை ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆளு அகப்பட்டுக்கினான் சார். மேடவாக்கத்தாண்ட ஏணி மேல நின்னு அடுத்த போர்டு கட்டிக்கினு கீறான்."

"ஓடப் பாத்தானா?"

"எங்க சார்! சிரிச்சுகினே ஜீப்ல ஏறிட்டான். எனக்கு டீ வேற வாங்கிக் குடுக்கறேன்றான்."

சிரிக்கிறானா! இர்ஃபானுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தன் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டுச் சிரிக்கிறவன் என்ன ஜென்மமாக இருப்பான்?

"கேஸை எழுதிடுங்க சார்," என்றான். "யார் வந்து கெஞ்சினாலும் நான் வாபஸ் வாங்க மாட்டேன்."

"எழுதியாச்சுப்பா," என்றார் எஸ்.ஐ.

வாசலில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சத்யநாராயணன் தடுக்கத் தடுக்க, முஷ்டியை மடக்கிக்கொண்டு முதல் ஆளாக வெளியே பாய்ந்தான் இர்ஃபான்.

பின்பக்கத்திலிருந்து, கையில் கட்டுக்கம்பிச் சுருளோடு, மெதுவாகக் காலை ஊன்றி இறங்கினார் அமீருதீன். மகனைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துபோனது.

"கவலையே படாதடா, ஊரு பூரா வெச்சிட்டேன், நீதான் ஜெயிக்கிற!"