ஜன்னலுக்கு எதிரே ஒரு படம்

"சொன்னாக் கேளுங்கம்மா. இந்தப் படம் நிக்காது. வாங்கிட்டுப் போய் அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க."

படக்காரருக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. கண்ணில் பட்ட பூ, இலை எல்லாவற்றையும் பிழிந்து பார்த்தாயிற்று. சாற்றைத் தாளில் பூசி, மேலே கண்ணாடித் தகட்டில் எடுத்த படத்தை வைத்து, மொட்டைமாடி வெயிலில் போட்டால் சில நாளில் உருவம் இறங்கிவிடும். இறங்கியதைத் தங்கவைக்கத்தான் வழி தெரியவில்லை. வரைந்த வெயிலே வந்து அழித்துவிட்டும் போகும்.

"பெட்டிக்குள்ள வெச்சா கொஞ்ச நாள் இருக்கும். எங்க மாட்டப் போறீங்க?"

"ஜன்னலுக்கு எதிர்ச் சுவத்துல."

"போச்சு! ரெண்டு மாசத்துல வெறும் தாள்தான் மிஞ்சும்."

"வந்த ஒரு ஆளையும் விரட்டிடுங்க," என்று உள்ளே இலை அரைத்துக்கொண்டிருந்த மனைவி குரல் கொடுத்தாள். "உங்க நேர்மையையும் கொண்டாங்க, சேர்த்து அரைச்சிடறேன்."

வந்த அம்மாள் சிரிக்கவில்லை. துணியைப் பிரித்துக் கண்ணாடிப் படத்தை மேஜைமேல் வைத்தாள். வாலிபன். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிற முகம்.

"போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டான். வீட்டுல பொண்ணு எந்நேரமும் இது முன்னாடியே உக்காந்திருக்கா. அச்சாபீஸ்ல வேலை பாக்கற ஒருத்தர் அவளைக் கட்டிக்கறேன்னு ரெண்டு தடவை கேட்டுட்டார். நல்ல மனுஷன். இவ என்னடான்னா, 'அவரைக் கேட்டுச் சொல்றேன்'னு இந்தப் படத்தைக் காட்டறா."

"அதுக்கு?"

"நானா கழட்டினா என்னை மன்னிக்கவே மாட்டா. கண்ணாடி உடைஞ்சுபோச்சு, நல்லவேளை தாள்ல ஒண்ணு எடுத்து வெச்சிருந்தேன்னு சொல்லிக்கறேன். தினம் கொஞ்சம் கொஞ்சமா மங்கட்டும். வெயிலோட யாரு போய்ச் சண்டை போடுவா?"

படக்காரர் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார். இத்தனை வருஷத்தில், அவருடைய தோல்வியைத் தேடிக்கொண்டு வந்தவள் இவள் ஒருத்திதான்.

"சரி, செஞ்சு தர்றேன். அப்புறம் இந்தக் கண்ணாடி?"

"வேலை முடிஞ்சதும் நீங்களே உடைச்சிடுங்க தம்பி. எனக்குக் கை வராது."

"மருமகன்மேல இவ்வளவு பாசம் வெச்சிருக்கீங்க. இருந்தாலும் பெத்த மகளுக்காகன்னு வந்துட்டா..."

வாசல்வரை போய்விட்டவள் திரும்பி, மேஜைமேல் இருந்த முகத்தை ஒருமுறை பார்த்தாள்.

"அவ என் மருமக, தம்பி. நான் பெத்தது இவனை."