பிரம்பு நாற்காலியின் முனகல்

வேலை முடிந்து தேவதர்ஷினி வாசற்கதவைத் திறக்கும்போதெல்லாம் கூடத்திலிருந்த பழைய பிரம்பு நாற்காலி முனகியது. பார்த்தால் அதில் யாரும் இருக்கமாட்டார்கள். இன்றும் அப்படித்தான். அதை விற்ற சவரிமுத்துவுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, அந்தக் கரியாலூர் பங்களா நாற்காலியத் திருப்பி எடுத்துக்குங்க. அதுல என்னமோ இருக்குது."

"இன்னாம்மா, பேயா? தெரிஞ்சிருந்தா வெலைய ஜாஸ்தியா சொல்லியிருப்பேனே!"

"சிரிக்காதீங்கண்ணே. இப்பகூட முனகிக்கினு இருக்குது."

"இதுக்கா பயந்த? ஆளு குந்தினா, பின்னின பிரம்பு கீழ தொய்யும். எழுந்ததும் மெல்ல மெல்ல மேல ஏறும். அப்ப ஒன்னோட ஒன்னு ஒரசி, கொஞ்ச நேரம் முனகும். அவ்ளோதான்."

"யாரும் குந்தலைன்னா?"

"வாயே தொறக்காது. உங்க வூட்டு ஆளுங்க யாரோ இப்பதான் எழுந்து போயிருக்காங்க."

அந்த வாடகை வீட்டில் தேவதர்ஷினியைத் தவிர வேறு யாரும் இல்லை.

செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள்.

மறுநாள் முன்கதவு, பின்கதவு இரண்டுக்கும் புதுப் பூட்டுப் போட்டாள். அதற்குப் பிறகு அவள் வாசற்கதவைத் திறக்கும்போது நாற்காலி முனகவே இல்லை.