ஜெர்சி மாட்டு சூப்

பானைக்கு முன்னால் நிறுத்தியிருந்த அட்டையை மாமனார் எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதை பிரிட்டா பார்த்துவிட்டாள்.

'பச்சைக் காய்கறி சூப். பால் இல்லை. வெண்ணெய் இல்லை. க்ரீம் இல்லை.' அவள் கைப்பட எழுதிய அட்டை.

"அதை ஏன் மாமா எடுத்தீங்க?"

"கீழ விழுந்துச்சும்மா," என்றார் டெல்மர்.

விழவில்லை என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. அமெரிக்காவின் பால் நாடான விஸ்கான்சினில் நூற்றிருபது மாடு வைத்துக் கறக்கிற மனிதர். மருமகள் பாலே தொடாதவள் என்பதை ஊர் முழுக்க எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டுமா என்று வெட்கப்படுகிறார்.

போன வருஷமும் இதே தீயணைப்பு நிலையக் கூடம், இதே பிப்ரவரி மாத சூப் விருந்து. பன்னிரண்டு பானைகளில் பதினொன்று காலி. அவளுடையது மட்டும் போனபடியே வீடு திரும்பியது. அட்டையைப் படித்தார்கள், நகர்ந்தார்கள். "புல்லுத் தண்ணி" என்று ஊர்க்காரி லோரெய்ன் யாரிடமோ சொன்னது அவள் காதிலும் விழுந்தது.

இந்தத் தடவையும் பானை நிறைந்தே திரும்பினால், இனி இந்த ஊருக்காக அடுப்புப் பற்றவைப்பதில்லை என்று கணவனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"ஊரை ஏமாத்தித்தான் பானை காலியாகணும்னா எனக்கு அது வேண்டாம் மாமா. அட்டையைக் கொடுங்க."

"யாரு ஏமாத்தறா? நான் வாயே திறக்கலையே."

அதற்குள் வரிசை வந்துவிட்டது. முதல் ஆள் எப்போதும் போல ஓர்வில்.

வெண்ணெய் ஆலையில் முப்பத்தைந்து வருஷம் ருசி பார்த்தவர். க்ரீமை நாக்கில் வைத்தால் போதும், என்ன ஜாதி மாடு, புல் தின்றதா, தீவனம் தின்றதா என்று சொல்லிவிடுவார். அவர் எந்தப் பானைக்குத் தலையாட்டுகிறாரோ அதன் முன்னால்தான் கூட்டம் நிற்கும்.

ஒரு கரண்டி வாங்கினார். வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏம்ப்பா டெல்மர், உன்கிட்ட இருக்கறது எல்லாம் ஹோல்ஸ்டீன் மாடுதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"இது ஹோல்ஸ்டீன் இல்ல. இவ்வளவு கெட்டின்னா ஜெர்சி மாட்டு க்ரீம்தான். எங்க புடிச்ச?"

டெல்மர் இருமினார். உண்மையைச் சொல்ல பிரிட்டா வாயெடுப்பதற்குள் அடுத்த கிண்ணம் வந்துவிட்டது.

"ஓர்விலே சொல்லியாச்சு. எனக்கு ரெண்டு கரண்டியா ஊத்தும்மா," என்று கிண்ணத்தை நீட்டினாள் லோரெய்ன். பிறகு இன்னும் இரண்டு தடவை வந்தாள்.

அரை மணி நேரத்தில் பானையின் அடியை யாரோ ரொட்டித் துண்டால் வழித்துக்கொண்டிருந்தார்கள். பிரிட்டாவுக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. பானை காலி, பெயர் மட்டும் மாட்டுக்கு.

அப்போது டெல்மர் கரண்டியால் பானையைத் தட்டினார். எல்லாரும் திரும்பினார்கள். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

"பால் இல்லை. வெண்ணெய் இல்லை. க்ரீம் இல்லை."

அட்டையைக் கூடத்தின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"பண்ணினது என் மருமக. மூணு வருஷமா நான் வீட்ல இதைத்தான் கேட்டு வாங்கிக் குடிக்கிறேன். போன வருஷம் நீங்க அட்டையைத்தான் ருசி பாத்தீங்க, சூப்பைப் பாக்கல. அதான் இந்த வருஷம் அட்டையைக் கடைசியில பரிமாறறேன்."

சொல்லிவிட்டு அட்டையைப் பானைமேல் நிறுத்தி வைத்தார். பிரிட்டாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்த மனிதரைப் போய் தப்பாக நினைத்தோமே என்றிருந்தது.

கூடம் சிரித்த சிரிப்பு முழுக்க ஓர்வில் பக்கம் திரும்பியது.

"முப்பத்தஞ்சு வருஷ நாக்கு. ப்ரோக்கோலியைப் பாத்து ஜெர்சின்னுச்சே," என்றாள் லோரெய்ன்.

"இனிமே இவருக்குப் பேரே ஜெர்சி ஓர்வில்தான்," என்றது ஒரு குரல்.

"வயசாயிடுச்சுப்பா," என்று ஓர்வில் தொப்பியை இறக்கிக்கொண்டார். காது இரண்டும் சிவந்திருந்தன. அந்த நாக்கு ஒன்றுதான் ஊரில் அவருக்கிருந்த பெருமை.

பிரிட்டா பானையைக் கழுவிக்கொண்டிருந்தபோது கிண்ணத்தைக் கொடுக்க ஓர்வில் வந்தார்.

"மன்னிச்சிருங்க. என்னால உங்களை எல்லாரும் கேலி பண்றாங்க."

"அது கிடக்குது விடும்மா. அடுத்த தடவை ஜாதிக்காயைப் பாதியாக் குறைச்சுக்க, வெள்ளை பீன்ஸோட ருசியை அமுக்குது. கீரையைக் கடைசியில போட்டது நல்ல வேலை. பச்சை மாறவே இல்ல."

அவள் கை நின்றுவிட்டது.

வெள்ளை பீன்ஸை வேகவைத்து அரைத்துச் சேர்த்ததால் வந்த கெட்டிதான் அது. அட்டையில் அதை அவள் எழுதவில்லை. மாமனாரிடம்கூடச் சொன்னதில்லை.

"உங்களுக்கு... முதல்லயே தெரியுமா?"

"ஒரு சொட்டுப் பால் இல்லைன்னு முதல் கரண்டியிலயே தெரியும். அதைச் சொல்லியிருந்தேன்னா, எனக்குப் பின்னாடி நின்ன அத்தனை பேரும் அடுத்த பானைக்குப் போயிருப்பாங்க."

அவள் வாயைத் திறக்குமுன் அவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வாசலில் லோரெய்ன் மடக்கினாள். "என்ன ஓர்வில், இப்பவாவது சொல்லுங்க. மாடா, செடியா?"

"ஜெர்சிதான்," என்றார் ஓர்வில், தலையை நன்றாக நிமிர்த்தி.