ஆளில்லாத தூக்குப்போசி

லிஃப்ட் திறந்ததும் சுகந்தி அவனைத்தான் பார்த்தாள்.

வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்றிருந்தான். சலவைச் சட்டை. நெற்றியில் திருநீறு. கையில் தூக்குப்போசி.

சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

அவனுடைய அடிக்குத் தப்பி வீட்டை விட்டு வந்து ஒரு மழைக்காலம் போயிருந்தது. எங்கே வேலை பார்க்கிறாள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவிநாசி சாலையில் ஏதோ ஒரு கட்டடம் என்று மட்டும் எப்படியோ துப்புக் கிடைத்திருக்கிறது. வரிசையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான் போல.

"சுகந்திக்குச் சோறு கொண்டாந்தனுங்க. அவ வீட்டுக்காரன். இங்கதானுங்களே வேலை பாக்குறா?"

என்ன ஒரு பதவிசு! கேட்டால் யாருக்கும் இரக்கம் வரும்.

மேசையில் இருந்தது காவலுக்கு இருக்கும் குணவதியம்மாள். முதலாளியின் மச்சானையே அட்டை மாட்டாமல் உள்ளே விடாத ஆள். கட்டடமே அவரைக் கரித்துக் கொட்டும்.

ஆனால் சோறு விஷயத்தில் அவரும் தாராளம்தான். மத்தியான வேளையில் யார் வீட்டிலிருந்தாவது கொண்டுவந்தால் வாங்கி, பெயர் எழுதி ஒட்டி, பக்கத்து மேசையில் வைத்துவிடுவார். சோற்றோடு வருகிறவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

வாங்கி வைத்தால் போதும். அவள் இங்கேதான் இருக்கிறாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். சாயங்காலம் வாசலில் நிற்பான்.

வாங்காதீங்க என்று கத்த நினைத்தாள். கத்தினால் அவனே திரும்பிப் பார்த்துவிடுவான்.

குணவதியம்மாள் கையை நீட்டவில்லை.

"ஃபோன் போட்டு இறங்கி வரச் சொல்லுங்க தம்பி."

"எடுக்க மாட்டேங்குறாளுங்க."

"எந்த மாடி? எந்தக் கம்பெனி?"

அவன் சிரித்தான்.

குணவதியம்மாள் லிஃப்ட் பக்கம் திரும்பினார். தூணோரம் நின்றவளைப் பார்த்தார். காலையில் பெயர் சொல்லி வணக்கம் வைத்தவர், இப்போது வெறும் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

"அப்படி யாரும் இங்க இல்லீங்களே."

முகத்தில் ஓர் அசைவில்லை. இப்படி ஒரு பொய்யை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. தூக்குப்போசியை மேசைமேல் வைத்தான்.

"இருக்கட்டுங்க. இருந்தா எடுத்துக்குவா."

விறுவிறுவென்று வெளியே போய், எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். கண்ணாடிக் கதவு வழியே மேசை நன்றாகத் தெரியும்.

கருவாட்டுக் குழம்பு வாசனை தூண் வரைக்கும் வந்தது. அவளுக்கு உயிர். வேலை மெனக்கெட்டுச் சமைத்திருக்கிறான்.

திருந்தியிருப்பானோ?

வெட்கங்கெட்ட மனசு. ஒரு எட்டு முன்னால் வைத்தே விட்டாள்.

அதற்குள் விசில் சத்தம் காதைக் கிழித்தது.

"ஆளில்லாத பொருள் கெடக்குது! யாரும் கிட்ட வராதீங்க!"

குணவதியம்மாள் ஆரஞ்சுக் கூம்புகளை இழுத்து வந்து மேசையைச் சுற்றி நட்டார். கயிறு கட்டினார். சாப்பிட இறங்கிய கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. குழம்பு மணக்கும் ஒரு தூக்குப்போசிக்கு வெடிகுண்டுக்கான மரியாதை.

பிறகு வாசலுக்குப் போனார். சாலைக்கே கேட்கும் குரல்.

"தம்பி! வெச்சவங்கதான் எடுக்கோணும். இல்லீன்னா போலீசுக்குச் சொல்லோணும். நாய் கூட்டிட்டு வருவாங்க!"

டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் அவனை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

வந்தான். முகம் கறுத்துக் கிடந்தது. குணவதியம்மாள் விடவில்லை. கேமராவைப் பார்த்து நிற்கச் சொன்னார். பெயர் கேட்டார், ஊர் கேட்டார், ஃபோன் நம்பரை வாங்கி அங்கேயே அடித்துச் சரிபார்த்தார். அவள் இருக்கும் இடத்தைத் தேடி வந்தவன், தன் விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போனான்.

தூக்குப்போசி ஹாண்டில்பாரில் ஆட, வண்டி திரும்பி மறைந்தது.

அவள் தூணை விட்டு வந்தாள். குணவதியம்மாளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"கொஞ்ச நாளைக்குப் பின்பக்கமா போயிக்க கண்ணு. நம்ம ஆட்டோக்காரருகிட்டச் சொல்லி வெச்சர்றேன்."

"உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

குணவதியம்மாள் கயிற்றை அவிழ்த்து, முழங்கையில் போட்டுச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஒருக்கா இப்படிச் சோறு வந்துது, நான் வேலைக்குப் போன மில்லுக்கு. கேட்டுல இருந்தவரு ரொம்ப நல்ல மனுசன் கண்ணு. வாங்கி வெச்சுட்டாரு."